இரட்டைச் சடையில் ஒரு பரிசோதனை

போன ஐப்பசியில் என் மகள் ஒரு பாட்டிலை வாங்கிவந்து குளியலறை மாடத்தில் வைத்தாள். பார்க்க ஷாம்பூ மாதிரி இருந்தது. ஷாம்பூ இல்லையாம். "இது நுரைக்காதும்மா. கண்டிஷனரை மட்டும் போட்டுத் தலையை அலசுறது. கோ-வாஷ்னு பேரு. காஞ்ச முடிக்கும் சுருட்டை முடிக்கும் இதுதான் நல்லதாம்" என்றாள். விலை நானூற்றுச் சொச்சம். அந்தக் காசுக்கு என்னென்ன வாங்கலாம் என்று மனசு கணக்குப் போட்டது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

காரணம் எனக்குத் தெரியும். அவளுக்கு என் முடி. எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னினால்கூட மத்தியானத்துக்குள் நெற்றியைச் சுற்றிப் பஞ்சு மாதிரி எழும்பி நிற்கும். பள்ளிக்கூடத்தில் "பரட்டை" என்று ஒரு பேர் வைத்துவிட்டார்கள். பன்னிரண்டாவது பரீட்சை முடிந்ததும் திண்டிவனம் போய் முடியை நேராக்கிக்கொள்வேன் என்று ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த மாதிரி முடி மிருதுவாக்கும் வேலைகள் சிலவற்றில் ஃபார்மால்டிஹைடு ஆவி கிளம்பும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு, மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதிப்பட்ட பொருட்களின் வரிசையில் அதை வைத்திருக்கிறது. வயலில் ஒரு சொட்டு மருந்து அடிக்காமல் இத்தனை வருஷம் ஓட்டிவிட்டு, பெற்ற பிள்ளை தலையில் அதைப் போட விடுவதா? அதற்கு இந்தப் பாட்டில் எவ்வளவோ மேல் என்று தோன்றியது. கூடவே, ஆயா காலத்துத் துரிஞ்சி இலைத் தூளை விட்டுவிட்டு இதுக்கு ஏன் போகணும் என்றும் தோன்றியது. இரண்டில் எது சரி என்று சண்டை போடுவதைவிட, நாம் வயலில் செய்கிற மாதிரி பக்கத்துப் பக்கத்துப் பாத்தியில் போட்டுப் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தோம். அந்தக் கதையும், அதற்காக நாங்கள் படித்துத் தெரிந்துகொண்டதும்தான் இந்தப் பாடம்.

முதலில் கோ-வாஷ் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம்.

ஷாம்பூ என்கிற சொல்லே நம் நாட்டுச் சொல்தான். பிடித்துவிடுவது, அமுக்கிவிடுவது என்று பொருள்படும் இந்திச் சொல்லிலிருந்து இங்கிலாந்துக்குப் போய், திரும்பி வரும்போது நுரையோடு வந்தது. அதைக் குடிசை வரைக்கும் கொண்டுவந்தது சின்னப் பாக்கெட். அந்த வேலைக்கு வழிபோட்டவர் நம் பக்கத்துக் கடலூர்க்காரர் சின்னி கிருஷ்ணன். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983ல் சிக் ஷாம்பூவை ஆரம்பித்தார். அதுவரை வெள்ளிக்கிழமை வந்தால் உரலில் சீவக்காய் இடித்த வீடுகள் பாக்கெட்டுக்கு மாறின. இடிக்கிற வேலை மிச்சம். பெண்களுக்கு அது லேசான விஷயம் இல்லை, அதனால் மாறியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

நுரைக்கும் ஷாம்பூவில் பெரும்பாலும் சோடியம் லாரெத் சல்பேட் மாதிரியான பொருள் இருக்கும். எண்ணெயைப் பிடித்து இழுத்துத் தண்ணீரோடு கொண்டுபோவதில் அது கெட்டி. எண்ணெய் வழியும் தலைக்கு அது சரி. சுருள் முடியில் சங்கதி வேறு. மண்டையில் ஊறும் எண்ணெய் நேரான முடியில் நுனி வரைக்கும் தானாக இறங்கிவிடும். வளைந்து வளைந்து போகிற முடியில் பாதி வழியிலேயே நின்றுபோகும். கடைமடைக்குத் தண்ணீர் எட்டாத வாய்க்கால் மாதிரி. எட்டின கொஞ்சத்தையும் வாரம் நாலு தடவை நுரை போட்டு எடுத்துவிட்டால் நுனி காயாமல் என்ன செய்யும்?

"நுரையே வேண்டாம், கண்டிஷனரை வைத்தே அலசுங்கள்" என்று மேல்நாட்டில் சுருள்முடிக்காரர்கள் கிளம்பினார்கள். லொரைன் மாஸ்ஸி என்கிற முடிதிருத்தும் கலைஞர் 2001ல் சுருள் முடிக்காரப் பெண்களுக்கென்றே ஒரு புத்தகம் போட்டார். அதிலிருந்து இந்த முறை பரவியது. கண்டிஷனரில் பெஹென்ட்ரைமோனியம், சீட்ரைமோனியம் என்று முடிகிற பேர்களில் ஒரு வகைப் பொருள் இருக்கும். இதைப் புரிந்துகொள்ள நமக்கு மண் பாடமே போதும். களிமண் துகளுக்கு எதிர் மின்னூட்டம்; அதனால் நேர் மின்னூட்டம் உள்ள சாம்பல் சத்து, சுண்ணாம்புச் சத்து, அம்மோனியம் எல்லாவற்றையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஈரமான முடியும் அப்படித்தான், அதிலும் அடிபட்ட முடியில் எதிர் மின்னூட்டம் இன்னும் அதிகம். கண்டிஷனரில் உள்ள அந்தப் பொருளுக்கு நேர் மின்னூட்டம். போய் ஒட்டிக்கொள்கிறது. முடியின் மேல்செதில் படிந்து, வழுவழுப்பாகி, சிக்கு விடுகிறது. அதற்குக் கொஞ்சம் அழுக்கெடுக்கும் குணமும் உண்டு. கோ-வாஷ் என்பது அந்தக் கொஞ்சத்தை நம்பித்தான்.

இங்கே ஒரு விஷயத்தை நிறுத்திப் பாருங்கள். முடிக்கு எதிர் மின்னூட்டம் என்றால், கண்டிஷனரை மட்டுமா பிடிக்கும்? தண்ணீரில் இருக்கிற கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும். பெருமுக்கல்லில் இருந்துகொண்டு தலைமுடி பற்றிப் பேசுகிறவர்கள் இதைத்தான் முதலில் பேச வேண்டும். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற சாலையில் நாங்கள். மலைக்கு மேலே முக்தியாலீஸ்வரர் கோயில், கிழக்கே போனால் உப்பளம், அதற்கப்புறம் கடல். கிழக்கே போகப் போகத் தண்ணீர் கடுக்கும். போர் ஆழமாகப் போகப் போகவும் கடுக்கும். பாசனத் தண்ணீர் பரிசோதனைக்குக் கொடுத்தவர்களின் ரிப்போர்ட்டில் கால்சியம், மக்னீசியம் எண் இருக்கும். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை பொறுக்கலாம் என்று இருக்கிறது. உங்கள் எண்ணை அதோடு வைத்துப் பாருங்கள்.

ரிப்போர்ட் இல்லாதவர்களுக்கு ஒரு வழி. ஒரே மாதிரி இரண்டு கண்ணாடிப் பாட்டில் எடுங்கள். ஒன்றில் மழைத்தண்ணீர், ஒன்றில் போர்த்தண்ணீர், இரண்டும் ஒரே அளவு. குளியல் சோப்பைக் கத்தியால் சீவி ஒரு சிட்டிகை இரண்டிலும் போட்டு மூடிக் குலுக்குங்கள். மழைத்தண்ணீரில் நுரை பொங்கி நிற்கும். கடினத் தண்ணீரில் நுரை எழும்பாமல், தயிர் திரிந்த மாதிரி வெள்ளைத் திப்பி மிதக்கும். பக்கெட் ஓரத்தில் வழவழவென்று படிகிறதே, அது இதேதான். சோப்பு போட்டுத் தலை குளித்தால் இந்தத் திப்பிதான் முடியில் போய் உட்காரும். "தண்ணியைக் காய்ச்சி ஊத்திக்கிட்டா சரியாயிடும்" என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். பாதி உண்மை. பைகார்பனேட்டால் வந்த கடினம் காய்ச்சினால் போகும், பாத்திரத்தின் அடியில் சுண்ணாம்பாகப் படிவது அதுதான். குளோரைடு, சல்பேட்டால் வந்தது காய்ச்சினாலும் போகாது. கடலோரத்தில் நமக்கு வாய்த்தது பெரும்பாலும் இரண்டாவது.

உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு மக்னீசியத்தை நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. உப்பு வாரியபிறகு பாத்தியில் மிஞ்சும் கசப்புத் தண்ணீரில் இருப்பது அது. கழுவாத உப்பை வீட்டில் வைத்தால் மழைக்காலத்தில் ஜாடி வியர்க்கிறதே, மக்னீசியம் குளோரைடு காற்றிலிருந்து ஈரத்தை இழுப்பதால்தான். தை மாசியில் ஆரம்பித்து மழை இறங்கும் வரைக்கும் வெயிலிலும் உப்புக்காற்றிலும் நிற்கிற அந்தப் பெண்களின் முடியைப் பாருங்கள். தலைத்துணியை மீறி வெளியே தெரிகிற நுனி செம்பட்டையாகி, தொட்டால் நார் மாதிரி இருக்கும். அவர்களை யாரும் "என்ன ஷாம்பூ போடுறே" என்று கேட்டதில்லை.

சரி, நம் பக்கத்துச் சரக்குக்கு வருவோம். கொங்கு நாட்டில் அரப்பு, மதுரைப் பக்கம் உசிலை, எங்கள் பக்கம் துரிஞ்சி. எல்லாம் ஒரே மரம். கரட்டிலும் மானாவாரி நிலத்து ஓரத்திலும் தானாக நிற்கும். இந்தச் சோழமண்டலக் கடற்கரைப் புதர்க்காட்டிலும் நிற்கிற மரங்களில் ஒன்று. இயற்கை விவசாயிகளுக்கு இதை அரப்பு மோர் கரைசலாகத் தெரியும். இலையில் சப்போனின் என்கிற நுரைப்பொருள் இருக்கிறது. சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் இருப்பதும் அந்த இனம்தான். ஆனால் பூந்திக்கொட்டை முரட்டுத்தனமாக எண்ணெயை எடுக்கும். பட்டுப்புடவைக்கும் நகைக்கும் சரி, காய்ந்த தலைக்கு வேண்டாம். சீயக்காய் நடுத்தரம். மூன்றில் மிதமானது துரிஞ்சி இலை. எங்கள் ஆயா "சீவக்கா தலைக்கு, துரிஞ்சி முடிக்கு" என்று பிரித்துச் சொல்லும்.

ஆனால் பழைய ஆட்கள் துரிஞ்சித் தூளைத் தனியாகத் தேய்த்ததில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். செம்பருத்தி இலையைக் கசக்கிப் போடுவார்கள், ஊறவைத்த வெந்தயம் அரைத்துச் சேர்ப்பார்கள், வெறும் தண்ணீருக்குப் பதில் வடித்த கஞ்சியில் கரைப்பார்கள். எல்லாமே கொழகொழப்புச் சரக்கு. இந்தக் கொழகொழப்பு முடி மேல் ஒரு மெல்லிய படலமாகப் படிந்து, சப்போனின் முழு எண்ணெயையும் வழித்துக்கொண்டு போகாமல் தடுக்கும்; ஈர முடியில் சீப்பு வழுக்கிக்கொண்டு போகவும் உதவும். முதல் நாள் ராத்திரியே தேங்காய் எண்ணெய் வைத்துவிடுவார்கள். அதில் பாதிதான் அலசும்போது போகும். மீதி தங்கும். தேங்காய் எண்ணெய் முடிக்கு உள்ளேயே ஊடுருவுகிறது, அலசும்போது முடியின் புரதம் கழிவதைக் குறைக்கிறது, சூரியகாந்தி எண்ணெயும் மினரல் ஆயிலும் அப்படிச் செய்வதில்லை என்று 2003ல் மும்பையிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. ஆய்வு செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். ஆக, கொஞ்சமாக அழுக்கெடு, கொஞ்சம் எண்ணெயை விட்டுவை, வழுவழுப்பாக்கு. பாட்டிலில் எழுதியிருந்ததும் இதேதான். மூடாக்குப் போட்டு லேசாக மட்டும் கிளறுகிற நமக்கு இது புதுசாகவா இருக்கும்?

நாங்கள் எடுத்துக்கொண்ட அளவைச் சொல்கிறேன். தோளுக்குக் கீழே ஒரு சாண் இறங்கும் முடிக்கு இது போதும். துரிஞ்சி இலைத் தூள் 2 மேசைக்கரண்டி. வெந்தயம் 1 மேசைக்கரண்டி, ராத்திரியே ஊறவைத்து மையாக அரைத்தது. செம்பருத்தி இலை 15 முதல் 20, கையால் கசக்கிப் பிழிந்து துணியில் வடிகட்டிய சாறு. ஆறிய வடிகஞ்சி ஒரு டம்ளர். எல்லாவற்றையும் கலந்து கால்மணி நேரம் விட்டால் இட்லி மாவுப் பதத்துக்கு வரும்.

தூள் செய்வதில்தான் ஆளுக்கு ஆள் கோட்டை விடுவார்கள். முற்றிப் பழுத்த இலை வேண்டாம், கரும்பச்சையாக இருக்கும் இலை. ஒரே மரத்தை மொட்டையடிக்காமல் நாலு மரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக உருவுங்கள். நிழலில் காயவைத்து, கையில் நொறுக்கினால் நொறுங்கும் பதம் வந்ததும் அரைக்க வேண்டும். அரைத்ததை மாவுச் சல்லடையில் சலித்தால் பத்தாது. பழைய வேட்டித் துணியில் கட்டித் தட்டி எடுக்க வேண்டும். சுருள் முடியில் திப்பி மாட்டிக்கொண்டால் ரெண்டு நாள் உதிர்ந்துகொண்டே இருக்கும், "தலையில என்னடி புழுதி" என்று அதற்கும் ஒரு கிண்டல் வரும். கடைத்தூள் வாங்குகிறவர்கள், பளீரென்று கிளிப்பச்சையில் இருந்தால் யோசியுங்கள். நிழலில் காய்ந்த இலையே கொஞ்சம் மங்கித்தான் போகும். சலித்து மிஞ்சிய காம்பையும் திப்பியையும் கொட்டிவிடாதீர்கள், அடுத்த முறை அரப்பு மோர் கரைசல் போடும்போது இலையோடு சேர்த்துக்கொள்ளலாம். இலைச்சாறு 5 லிட்டர், புளித்த மோர் 5 லிட்டர், மண்பானையில் 7 நாள், பிறகு 10 லிட்டர் தண்ணீருக்கு 1 லிட்டர் என்று பூக்கும் பருவத்தில் அடிப்பது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

இப்போது பரிசோதனை. இரட்டைச் சடை போடுகிற பிள்ளை என்பதால் வேலை சுலபமாகிவிட்டது. வகிடுதான் வரப்பு. இடது பக்கம் பாட்டில், வலது பக்கம் துரிஞ்சிக் கலவை. அதே எண்ணெய், அதே அகலப்பல் சீப்பு, அதே போர்த்தண்ணீர், நாலு நாளுக்கு ஒரு முறை. தலையை ஒரு பக்கம் சாய்த்துச் சாய்த்து அலசினோம். அப்படியும் ஒரு பக்கத்துத் தண்ணீர் மறுபக்கம் கொஞ்சம் வழிந்தது, அதை மறைக்க முடியாது. ஒவ்வொரு முறையும் காய்ந்தபிறகு அவள் நோட்டில் எழுதினாள்: சிக்கு, பரட்டை, மண்டை அரிப்பு, மூன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று. மதிப்பெண் போட்டது அவள் தங்கை, எந்தப் பக்கம் எது என்று அவளுக்குச் சொல்லவில்லை. வாசனையில் கண்டுபிடித்துவிட்டாள் என்று பிற்பாடுதான் தெரிந்தது.

முதல் வாரம் பாட்டில் ஜெயித்தது. சந்தேகமே இல்லை. சீப்பு வெண்ணெயில் இறங்குவது மாதிரி இறங்கியது. எனக்கு முகம் சுண்டிப்போச்சு. துரிஞ்சிப் பக்கம் சுத்தமாக இருந்தது, மினுமினுப்பு இல்லை, நுனி கொஞ்சம் சொரசொரப்பு. இரண்டாவது வாரம் நான் வெந்தயத்தை இன்னும் மையாக அரைத்தேன், கஞ்சியை நீர்க்க விட்டேன். கஞ்சி கெட்டியாக இருந்தால் முடி காய்ந்ததும் விறைத்துக்கொள்கிறது, அதை அப்போதுதான் கற்றுக்கொண்டேன். சிக்கில் இரண்டும் நெருங்கி வந்தன. மூன்றாவது வாரத்தில் பாட்டில் பக்கம் வேர்க்காலில் பிசுபிசுப்பு, அரிப்பு. கோ-வாஷ் கொஞ்சம் அழுக்கைத்தான் எடுக்கும் என்றேனே, நாங்கள் எண்ணெய் வைத்துப் பழகியவர்கள், அந்த எண்ணெய் முழுக்க மண்டையிலேயே தேங்கிவிட்டது. எண்ணெய் வைக்காதவர்களுக்காகச் செய்த சரக்கை எண்ணெய்த் தலையில் போட்டது எங்கள் தப்பு.

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். பரட்டை மதிப்பெண்ணைப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. காலையில் படிந்திருக்கும், பதினோரு மணிக்கு எழும்பிவிடும்.

நாலாவது வாரம் கார்த்திகை மழை பிடித்துக்கொண்டது. கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை. கூரையிலிருந்து விழுந்த தண்ணீரை டிரம்மில் பிடித்து வைத்திருந்தோம், கடைசி அலசலுக்கு அதை ஊற்றிக்கொண்டாள். இரண்டு பக்கமும்தான். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் பையைக்கூடக் கழற்றாமல் கண்ணாடி முன்னால் நின்றாள். "அம்மா, ரெண்டு பக்கமும் இறங்கியிருக்கு." நேராகிவிடவில்லை, சுருள் அப்படியேதான் இருந்தது. பஞ்சாகப் பறக்காமல் சுருள் சுருளாகச் சேர்ந்து நின்றது. அடுத்த மூன்று முறையும் மழைத்தண்ணீரில் அலசிப் பார்த்தோம். அதேதான். நாங்கள் பாட்டிலா இலையா என்று ஒரு மாதம் அடித்துக்கொண்டோம், ஆட்டத்தை நடத்தியது தண்ணீர்.

ஒரு தலையில் செய்ததை வைத்து ஊருக்கே சட்டம் போட முடியாது. உங்கள் வீட்டில் செய்து பாருங்கள். தலை முழுக்க மழைத்தண்ணீர் வேண்டியதில்லை, கடைசி அலசலுக்கு 3 லிட்டர் போதும். ஓட்டின் மேலோ மொட்டைமாடியிலோ விழும் முதல் மழையை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடியுங்கள். மூடியில்லாத டிரம் கொசுவுக்குத்தான் தொட்டில். துரிஞ்சிக் கலவையை வேர்க்காலில் விரல்நுனியால் தேயுங்கள், நீளத்துக்கு வழிந்து இறங்குவது போதும். கலவை தலையில் இருக்கும்போதே அகலப்பல் சீப்பால் நுனியிலிருந்து மேலே மேலே சிக்கெடுங்கள். துண்டால் பரபரவென்று துவட்டாமல் பழைய பருத்திப் புடவைத் துணியில் ஒற்றி எடுங்கள்.

சில எச்சரிக்கைகள். அரைத்த கலவையை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும், பாட்டிலில் ஊற்றி வைத்தால் கெட்டுப்போகும். கடைச் சரக்கில் கெடாமல் இருக்க மருந்து போடுகிறார்கள், நம்மிடம் அது இல்லை. கண்ணில் பட்டால் பயங்கரமாக எரியும், சின்னப் பிள்ளைகளுக்குக் கவனம். முதல் முறை முழங்கையின் உட்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பாருங்கள். பொடுகு உள்ளவர்கள் கோ-வாஷ் பக்கமும் போக வேண்டாம், ராத்திரி முழுக்க எண்ணெயும் ஊறப்போட வேண்டாம், பொடுகோடு சேர்ந்து வளரும் பூஞ்சைக்கு எண்ணெய்தான் சாப்பாடு. முடி கொத்துக்கொத்தாக உதிர்ந்தால் இலையைத் தேடாமல் டாக்டரைப் பாருங்கள். ரத்தசோகையாக இருக்கலாம், தைராய்டாக இருக்கலாம்.

இன்னொன்று, நம் ஆட்கள் பலர் யோசிக்காதது. இயற்கைச் சரக்குதானே என்று அலசின தண்ணீரை மீன் குட்டைக்குத் திருப்பிவிடாதீர்கள். சப்போனின் மீனுக்கு விஷம். மீனின் செவுளைத் தாக்கும், குட்டையில் மீன் பிடிக்க இந்த மாதிரிக் காய்களை அரைத்துக் கலக்குகிற வழக்கமே உண்டு. வாழைக்கும் சேம்புக்கும் விடுங்கள், மண் அதைச் செரித்துக்கொள்ளும்.

மகளின் பரீட்சை முடிந்தது. திண்டிவனம் பேச்சு வரவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை. பாட்டிலில் பாதி இன்னும் மாடத்தில் இருக்கிறது; கல்யாணம் காட்சிக்குப் போகிற அன்றைக்கு நுனியில் மட்டும் கொஞ்சம் தடவிக்கொள்கிறாள், நானும் ஒரு தடவை தடவிப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. அடுத்த வாரம் கல்லூரி விடுதிக்குப் போகிறாள். ஒரு டப்பா துரிஞ்சித் தூள் கட்டி வைத்திருக்கிறேன். "தூள் சரி, ஆனா அந்த ஊர்த் தண்ணி எப்படி இருக்குமோ" என்றேன். "போன அன்னைக்கே சோப்பு சீவிப் போட்டுக் குலுக்கிப் பார்த்துட்டு போன் பண்றேன்" என்றாள்.